ஸ்னீக்கர் விக்கிறவங்களுக்கு: சரிபார்ப்பு மையத்துக்கு அனுப்ப ரெண்டு பெட்டி தேவையா?

லேஸ்_குமார்:
அமெரிக்காவுல ஸ்டாக்எக்ஸ், ஈபே மாதிரி மறுவிற்பனைத் தளங்கள்ல நைக்கியோட ஜோர்டன் ஷூ விக்கிறவங்க கிட்ட கேட்டா உடனே "டபுள் பாக்ஸ் போடு", அதாவது கம்பெனிப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள்ள வைன்னு சொல்றாங்க. வீண் செலவு. ஷூ பெரும்பாலும் முதல்ல தளத்தோட சரிபார்ப்பு மையத்துக்குத்தான் போகுது. அவங்க பார்க்கிறது அசலா போலியான்னு. கம்பெனிப் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு லேபிள் ஒட்டினா போதாதா?

பாக்ஸ்_பாண்டி:
போதாது தம்பி. ஸ்டாக்எக்ஸ்ல புது ஷூன்னா கம்பெனிப் பெட்டியும் சரக்குல சேர்த்தி. மூலை நசுங்கி, மூடி கிழிஞ்சு போய்ச் சேர்ந்தா ஷூ அசலா இருந்தும் தள்ளிடுவாங்க. மூடியில டேப் ஒட்டவே கூடாது. உரிக்கும்போது அச்சும் சேர்ந்து வந்துடும்.

செலவு கூடுறது வெளிப்பெட்டியைக் கண்ணளவுல வாங்கினா. நீங்களே காசு கட்டி ஃபெடெக்ஸ் கூரியர்ல அனுப்பினா, நீளம், அகலம், உயரத்தை அங்குலத்துல பெருக்கி 139ஆல வகுப்பாங்க. வர்றதை மேல முழுசாக்கினா அத்தனை பவுண்டு; அது நிஜ எடையை விடக் கூடினா அதுக்குத்தான் கட்டணம். 16×12×8 பெட்டின்னா 1,536. பன்னிரண்டு பவுண்டு கணக்கு. 14×10×6 எடுத்தா 840. ஏழு பவுண்டோட முடிஞ்சுது. கம்பெனிப் பெட்டியை அளவு டேப் வச்சு அளந்துட்டு, எல்லாப் பக்கமும் அரை அங்குலம் விட்டு வாங்குங்க. இடுக்குல பழுப்புத் தாளைக் கசக்கித் திணிங்க. ஆட்டிப் பார்த்தா உள்ள ஒண்ணும் அசையக் கூடாது.

லேஸ்_குமார்:
தளமே லேபிள் குடுக்கிற இடத்துல அந்த 139 கணக்கு எனக்கு எதுக்குண்ணே? சரி, பெட்டி விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா நல்ல ஷூவைக் கூட நொட்டை சொல்லித் திருப்புறாங்களே, அதுக்கு எந்தப் பெட்டி காப்பாத்தும்?

மிட்சோல்_மீனா:
அதுல பாதிக்கு மேல நொட்டை இல்ல, நாம பட்டியல் போட்டதுக்கும் அனுப்பினதுக்கும் இருக்கிற வித்தியாசம்னு தோணுது. ஷூ நாக்குக்குள்ள இருக்கிற சின்ன லேபிளையும் பெட்டி ஓரத்து லேபிளையும் பக்கத்துல வச்சுப் பாருங்க: ஸ்டைல் கோட் (மாடல் எண்), சைஸ் ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ஒரே சைஸ்ல ரெண்டு ஜோடி வச்சிருக்கிறவங்க பெட்டியை மாத்திப் போட்டுடறது சகஜம்.

2022ல வந்த ஜோர்டன் 1 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' (டிஇசட்5485-612) எடுத்துக்குங்க. கழுத்துத் தோல் வெடிச்ச மாதிரி, மூடி வேற பெட்டியோடது மாதிரி, உள்ள பழைய காலத்து ரசீது. எல்லாம் கம்பெனியே வேணும்னு செஞ்சது. விவரம் தெரியாம 'நல்ல மூடி' ஒண்ணு மாட்டி, ரசீதைக் குப்பையில போட்டா, அந்த ஜோடி முழுசா இல்லைன்னுதான் அர்த்தம்.

இன்னொண்ணு, பழைய ஜோர்டன் 3, 4. மிட்சோல்ல, அதாவது நடு அடிப்பாகத்துல, பாலியூரித்தேன்ங்கிற நுரை இருக்கு. காத்து ஈரத்துல அது சிதைஞ்சுடும். போடாமலே வச்சிருந்தாலும் சரி. பார்க்கப் புதுசா இருக்கும், அழுத்தினா உதிரும். இதை எந்தப் பேக்கிங்கும் தடுக்காது. விக்கிறதுக்கு முன்னாடி விரலால அழுத்திப் பாருங்க.

சந்தேகசாமி:
எல்லாரும் மையம் சொன்னா வேதவாக்குன்னு பேசுறீங்க. நைக்கி போட்ட வழக்குல 2025 மார்ச்ல நியூயார்க் நீதிமன்றம் 37 ஜோடி போலிக்கு ஸ்டாக்எக்ஸ் பொறுப்புன்னு சொல்லிச்சு. அதுக்கு முன்னாடியே, 2022 நவம்பர்ல, சரிபார்த்த ஷூவுல மாட்டுற டேக்ல இருந்த 'அசல்'ங்கிற வார்த்தையை 'சரிபார்க்கப்பட்டது'ன்னு மாத்திட்டாங்க. அப்புறம் எதுக்கு இந்தச் சடங்கு?

பாக்ஸ்_பாண்டி:
சாமி, போலி தப்பிப் போனது வாங்கினவனுக்குப் பிரச்சினை. விக்கிறவனுக்கு அசலைத் தள்ளினாத்தான் தலைவலி. அதுக்கு மையத்தை நம்ப வேண்டாம், போட்டோவை நம்புங்க: ரெண்டு ஷூவோட உள் லேபிள், இன்சோலைத் தூக்கினா தெரியிற தையல், குதிகால் பக்கம், அடிப்பாகம், கூட வந்த லேஸ், பெட்டியோட நாலு மூலை. வெளிப்பெட்டி மூடுறதுக்கு முன்னாடி ஒரே வீடியோவா எடுத்தா இன்னும் நல்லது. குடுக்கும்போது எடை போட்ட ரசீது கேட்டு வாங்குங்க. "காலிப் பெட்டி வந்துச்சு"ன்னு சொன்னா காட்ட ஒரு ஆதாரம் இருக்கும்.

சந்தேகசாமி:
போட்டோவைப் பார்க்கப் போறதும் அதே தளத்து ஆள்தானே! ரசீது யோசனை மட்டும் சரி.

மிட்சோல்_மீனா:
குமார், ஈபேல வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை: மையம் மாட்டி விடற டேக்கை வெட்டிட்டா ரிட்டர்ன் கிடையாது. சைஸ் சரியான்னு டேக்கோடயே போட்டுப் பாருங்க, அதுவும் வீட்டுக்குள்ள.