அமெரிக்காவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு: எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ. கணக்குகளும் 2026 விதிகளும்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மனிதவளத் துறையிலிருந்து ஓர் இணைப்பு வரும். மருத்துவக் காப்பீடு, பல், கண், ஆயுள் காப்பீடு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, எச்.எஸ்.ஏ. (ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுன்ட் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு) வேண்டுமா, எஃப்.எஸ்.ஏ. (ஃபிளெக்ஸிபிள் ஸ்பெண்டிங் அக்கவுன்ட் என்ற, மருத்துவம் அல்லது குழந்தைப் பராமரிப்புக்கான செலவுக் கணக்கு) வேண்டுமா, சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்றும் கேட்கும். பெரும்பாலான நிறுவனங்களில் இதற்கு 30 நாள்தான் அவகாசம். அதை விட்டால் ஆண்டுக் கடைசியில் வரும் ஓப்பன் என்ரோல்மென்ட் (எல்லோரும் மறுபடி தேர்வு செய்யும் காலம்) வரை காத்திருக்க வேண்டும். வீடு தேடுவது, ஓட்டுநர் உரிமம் வாங்குவது என்ற அலைச்சலில் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். படித்துவிட்டுத் தாண்டுங்கள் என்பதற்காகவே இந்த இழை.

எல்லோரும் முதலில் கேட்பது, வரியில் எவ்வளவு மிச்சமாகும் என்றுதான். விசாவில் இருப்பவர் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வேலை போனால் இந்தப் பணம் யாருடையது?

எச்.எஸ்.ஏ. உங்கள் பெயரில் உள்ள கணக்கு. நிறுவனம் போட்ட பங்கும் சேர்ந்து முழுவதும் உங்களுடையது. வேலை மாறினாலும், நாடு மாறினாலும் உங்களோடு இருக்கும். எஃப்.எஸ்.ஏ. அப்படியல்ல. அது நிறுவனத்தின் திட்டம். நீங்கள் அங்கே வேலை செய்யும் வரைதான் அதில் உங்களுக்கு இடம். மற்ற விதிகள் அனைத்தையும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் எச்.எஸ்.ஏ. இது 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2026ஆம் ஆண்டுக்கான உச்சவரம்பு, தனி நபர் காப்பீட்டுக்கு 4,400 டாலர், குடும்பக் காப்பீட்டுக்கு 8,750 டாலர். 55 வயது நிறைந்தவர்கள் கூடுதலாக 1,000 டாலர் போடலாம். நிறுவனம் உங்களுக்காகப் போடும் தொகையும் இந்த வரம்புக்குள்தான் அடங்கும். அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் தேர்வு செய்யுங்கள். போடும்போது வரி இல்லை, முதலீட்டில் வளரும்போது வரி இல்லை, மருத்துவச் செலவுக்கு எடுக்கும்போதும் வரி இல்லை. 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில்கூட இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பதில்லை.

சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொன்னால் வருமான வரியோடு சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தங்களான 7.65 விழுக்காடும் மிச்சம். 22 விழுக்காடு வரி அடுக்கில் இருப்பவர் 4,400 டாலர் போட்டால் மத்திய அரசின் வரிகளில் மட்டும் ஏறத்தாழ 1,300 டாலர் மிஞ்சும். அதே பணத்தை வங்கியிலிருந்து நீங்களே கணக்கில் செலுத்தினால் வருமான வரிச் சலுகை மட்டுமே கிடைக்கும், 7.65 விழுக்காடு திரும்பாது. எஃப்-1 மாணவர் விசாவில், ஓ.பி.டி. என்ற பயிற்சி வேலை அனுமதியில் வேலை செய்து, வரிக் கணக்கில் இன்னும் வெளிநாட்டவராகவே இருப்பவரிடம் அந்த 7.65 பிடிக்கப்படுவதே இல்லை என்பதால் அவருக்கு இந்த வேறுபாடு கிடையாது. நம்மவர்கள் அதிகம் வாழும் கலிபோர்னியாவும் நியூஜெர்சியும் எச்.எஸ்.ஏ. சலுகையை மாநில வரியில் ஏற்பதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மத்திய வரிச் சலுகை அங்கும் முழுமையாகக் கிடைக்கும்.

எச்.எஸ்.ஏ. வைத்திருக்க விசா வகை தடையில்லை. தகுதியைத் தீர்மானிப்பது காப்பீடு. டிடக்டிபிள் அதிகமான திட்டத்தில் நீங்கள் இருக்க வேண்டும். டிடக்டிபிள் என்பது, காப்பீட்டு நிறுவனம் செலவில் பங்கேற்கத் தொடங்கும் முன் உங்கள் கையிலிருந்து போக வேண்டிய தொகை. 2026இல் அது தனி நபருக்குக் குறைந்தது 1,700 டாலர், குடும்பத்துக்கு 3,400 டாலர் இருந்தால்தான் எச்.எஸ்.ஏ.வுக்கு ஏற்ற திட்டம். ஆண்டு முழுவதற்கும் உங்கள் கையிலிருந்து போகக்கூடிய உச்சம், திட்டத்தின் மருத்துவர் வட்டத்துக்குள் தனி நபருக்கு 8,500, குடும்பத்துக்கு 17,000 டாலர் என்ற எல்லைகளைத் தாண்டக்கூடாது. ஆண்டுப் பரிசோதனை, தடுப்பூசி போன்றவற்றுக்கு டிடக்டிபிள் பொருந்தாது.

வரிச் சலுகைக்காக மட்டும் இந்தத் திட்டத்தை எடுக்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். வந்த முதல் ஆண்டில் கையிருப்பு குறைவு. அந்த ஆண்டிலேயே பிரசவமோ அறுவை சிகிச்சையோ எதிர்பார்த்தால், டிடக்டிபிள் குறைந்த திட்டத்தின் பிரீமியத்தையும் இதையும் அருகருகே எழுதி, ஆண்டின் மொத்தச் செலவை ஒப்பிட்டுப் பாருங்கள். சில குடும்பத் திட்டங்களில் ஒருவருக்கு மட்டுமே சிகிச்சை நடந்தாலும் குடும்பத்தின் முழு டிடக்டிபிளும் தீர்ந்த பிறகுதான் காப்பீடு பணம் கொடுக்கும். திட்ட விவரத்தில் இதைத் தேடிப் பார்த்துவிடுங்கள். இளம் வயது, உடல்நலம் நன்று, நிறுவனமும் எச்.எஸ்.ஏ.வில் பங்கு போடுகிறது என்றால் பெரும்பாலும் இது லாபம்தான்.

ஆண்டின் நடுவில் சேர்ந்தவர்கள் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். மாதத்தின் முதல் நாளில் தகுதி இருந்தால் அந்த மாதம் கணக்கில் வரும். ஆகஸ்ட் 1 முதல் தகுதி பெற்ற தனி நபருக்கு 12இல் 5 பங்கு, அதாவது சுமார் 1,833 டாலர். டிசம்பர் 1 அன்று தகுதி இருந்தால் முழு ஆண்டுத் தொகையையும் போடலாம் என்று இன்னொரு விதி அனுமதிக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தினால் அடுத்த ஆண்டு டிசம்பர் 31 வரை தகுதியை இழக்கக்கூடாது. இழந்தால் கூடுதலாகப் போட்ட தொகைக்கு வருமான வரியும் 10 விழுக்காடு தண்டமும் உண்டு. வேலை மாறும் வாய்ப்புள்ள, எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர்கள் மாதக் கணக்கிலேயே போடுவது நல்லது.

கணவன், மனைவி இருவரும் வெவ்வேறு நிறுவனங்களில் வேலை பார்க்கும் வீடுகளில் அதிகம் நடக்கும் சிக்கலுக்கு வருகிறேன். கணவர் எச்.எஸ்.ஏ. எடுக்கிறார்; மனைவி தன் அலுவலகத்தில் சாதாரண மருத்துவ எஃப்.எஸ்.ஏ. எடுக்கிறார். மனைவியின் எஃப்.எஸ்.ஏ. கணவரின் செலவுக்கும் பணம் தரக்கூடியது என்பதால், சட்டப்படி கணவருக்கு இன்னொரு காப்பீடு இருப்பதாகப் பொருள். அவர் எச்.எஸ்.ஏ.வில் ஒரு டாலர்கூடப் போட முடியாது. போட்டுவிட்டால், அது கணக்கில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 6 விழுக்காடு தண்ட வரி. வரிப் படிவம் தாக்கல் செய்யும் கெடுவுக்குள், அதிகப்படியாகப் போட்டதையும் அதன் வருவாயையும் எடுத்துவிட்டால் இந்தத் தண்டத்தைத் தவிர்க்கலாம். பல், கண் செலவுக்கு மட்டுமான வரையறுக்கப்பட்ட எஃப்.எஸ்.ஏ. இருந்தால் பிரச்சினை இல்லை. பதிவுப் பக்கத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புங்கள்.

அடுத்தது மருத்துவ எஃப்.எஸ்.ஏ. 2026 வரம்பு 3,400 டாலர். ஆண்டுக்குள் செலவழிக்காத பணம் போய்விடும். சில நிறுவனங்கள் 680 டாலர் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக விடும்; சில, இரண்டரை மாதம் கூடுதல் அவகாசம் தரும். இரண்டையும் சேர்த்துத் தர முடியாது. இரண்டுமே தராத நிறுவனங்களும் உண்டு. நிச்சயமாகத் தெரிந்த செலவுக்கு மட்டும் போடுங்கள்: கண்ணாடி, பல் சீரமைப்பு, மாதாந்திர மருந்து.

எஃப்.எஸ்.ஏ.வின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 3,400 என்று எழுதிக்கொடுத்தால், சம்பளத்தில் ஒரு தவணை மட்டுமே பிடித்திருந்தாலும் முதல் நாளிலேயே முழுத் தொகையையும் பயன்படுத்தலாம். பிப்ரவரியில் முழுவதும் செலவழித்துவிட்டு மார்ச்சில் வேலையை விட்டாலும், மீதித் தவணைகளை நிறுவனம் உங்களிடம் கேட்க முடியாது. இது சட்டம் தரும் உரிமை, கூச்சப்பட ஒன்றுமில்லை. மறுபக்கமும் இருக்கிறது. பணம் பிடித்துக்கொண்டே வந்து, செலவழிக்காமல் வேலை போனால், கடைசி நாளுக்குப் பிறகு ஏற்படும் செலவுகளுக்கு எதுவும் கிடைக்காது. எச்-1பியில் வேலை இழந்தால் 60 நாள் அவகாசத்துக்குள் வேறு வேலை தேடும் பதற்றத்தில் இதை யாரும் நினைப்பதில்லை. ஆட்குறைப்பு பற்றிய பேச்சு எழுந்தாலே, தள்ளிப்போட்ட கண்ணாடியையும் பல் சிகிச்சையையும் முடித்துவிடுங்கள். எச்.எஸ்.ஏ. வைத்திருப்பவர் அந்தக் காலத்தில் கோப்ரா காப்பீட்டுக்கான (பழைய நிறுவனத்தின் காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடரும் வசதி) பிரீமியத்தையே அதிலிருந்து கட்டலாம்.

குழந்தைப் பராமரிப்புக்கான எஃப்.எஸ்.ஏ. தனிக் கணக்கு. 1986இல் வைத்த 5,000 டாலர் வரம்பு, 2021இல் தற்காலிகமாக உயர்ந்ததைத் தவிர, அப்படியே நின்றது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தால் 2026 முதல் ஒரு குடும்பத்துக்கு 7,500 டாலர். உங்கள் நிறுவனம் புதிய வரம்பை ஏற்றிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதில் முதல் நாளே முழுப் பணம் கிடைக்காது. பிடித்தம் சேரச் சேரத்தான் எடுக்கலாம்.

எச்-4 என்ற துணைவர் விசாவில் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "நான் எச்-4. வேலைக்கான அனுமதி இன்னும் வரவில்லை. மகளை டேகேரில் விடுகிறோம். இவருடைய அலுவலகத்தில் இந்தக் கணக்கை எடுக்கலாமா?"

எடுக்க முடியாது, அம்மா. பெற்றோர் இருவரும் வேலை பார்க்க வேண்டும் அல்லது வேலை தேட வேண்டும். அந்த ஆண்டில் இருவருக்கும் சம்பாத்தியம் இருக்கவும் வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. நீங்கள் அந்த ஆண்டில் 5 மாதமாவது முழுநேர மாணவியாக இருந்தால், படிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் உங்களுக்கு 250 டாலர் சம்பாத்தியம் இருப்பதாகக் கொள்வார்கள். இரண்டு குழந்தைகள் என்றால் 500 டாலர். அந்தத் தொகை வரை சலுகை கிடைக்கும். அனுமதி வந்து வேலையில் சேர்ந்தால் ஆண்டின் நடுவிலும் பதிவு செய்யலாம். வழக்கமாக 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் டேகேர், பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பு, கோடைக்காலப் பகல் முகாம் ஆகியவை இதில் சேரும். மழலையர் பள்ளிக்கு அடுத்த கிண்டர்கார்டன் முதலான பள்ளிக் கட்டணமும், இரவில் தங்கும் முகாமும் சேராது. தமிழ்ப் பள்ளி, பரதநாட்டிய வகுப்புக் கட்டணங்கள் கல்வியாகவே கருதப்படும் என்பதால் அவற்றையும் சேர்க்காதீர்கள். ஊரிலிருந்து பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் அம்மாவுக்குப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் கொடுத்ததாக எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. அந்த விசாவில் ஊதியம் பெறுவதே விதிமீறல். அம்மாவின் அடுத்த பயணத்துக்கே ஆபத்து.

பெற்றோரின் மருத்துவச் செலவு பற்றித்தான் அதிகக் கேள்விகள். மனம் ஏங்கும், தெரியும். ஆனால் இந்தியக் குடிமக்களாக இந்தியாவில் வாழும் பெற்றோரை அமெரிக்க வரிச் சட்டம் உங்களைச் சார்ந்தவர்களாக ஏற்பதில்லை. ஆகவே அவர்களுடைய மருத்துவமனைச் செலவை இந்தக் கணக்குகளிலிருந்து கட்ட முடியாது. உங்களுக்கோ, துணைவருக்கோ, வரிப் படிவத்தில் நீங்கள் காட்டும் பிள்ளைக்கோ விடுமுறையில் சென்னையிலோ மதுரையிலோ பல் சிகிச்சை செய்தால், அதை எச்.எஸ்.ஏ.வில் தாராளமாகக் கோரலாம். இரு நாட்டிலும் சட்டபூர்வமான சிகிச்சையாக இருந்தால் போதும். நோயாளியின் பெயர், தேதி, சிகிச்சை விவரம், தொகை நான்கும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். விடுமுறைக்குப் போன விமான டிக்கெட் இதில் வராது. ஊரிலிருந்து வரவழைத்த மருந்துகளும் வாரா.

இங்கே கடையில் வாங்குவதைப் பொறுத்தவரை, 2020 முதல் மருத்துவர் சீட்டு இல்லாத காய்ச்சல் மாத்திரை, ஒவ்வாமை மருந்து, சானிட்டரி நாப்கின் எல்லாம் தகுதியானவை. பற்பசை, ஜிம் கட்டணம், பொதுவான வைட்டமின் மாத்திரை தகுதியற்றவை.

எச்.எஸ்.ஏ.விலிருந்து பணம் எடுக்கக் கெடு கிடையாது. கணக்கு தொடங்கிய பிறகு நடந்த செலவாக இருந்தால், பத்தாண்டு கழித்தும் எடுக்கலாம். கையில் பணம் இருப்பவர்கள் இன்றைய செலவைத் தாங்களே கட்டிவிட்டு, கணக்கில் உள்ளதை வளர விடுகிறார்கள். அப்படிச் செய்வதானால் ரசீதுகளை அன்றே படம் எடுத்துச் சேமியுங்கள். கடை ரசீதின் எழுத்து ஓரிரு ஆண்டில் மங்கிவிடும். 65 வயதுக்கு முன் வேறு செலவுக்கு எடுத்தால் வருமான வரியோடு 20 விழுக்காடு தண்டம். அதற்குப் பிறகு வருமான வரி மட்டும்.

2025 சட்டம் எச்.எஸ்.ஏ.வையும் சற்றுத் தளர்த்தியிருக்கிறது. டிடக்டிபிள் தீருமுன்பே தொலைபேசி, காணொளி வழி மருத்துவ ஆலோசனைக்குக் காப்பீடு பணம் தந்தாலும் தகுதி போகாது. அரசின் காப்பீட்டுச் சந்தையில் வாங்கும் 'வெண்கல' (Bronze) வகைத் திட்டங்களும் 2026 முதல் எச்.எஸ்.ஏ.வுக்கு ஏற்றவை, வேலைக்கு இடையில் சொந்தக் காப்பீடு வாங்குவோருக்கு இது உதவும்.

வரி தாக்கல் செய்யும்போது எச்.எஸ்.ஏ.வுக்கான 8889 படிவம் கட்டாயம். நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2வின் 12ஆம் கட்டத்தில் டபிள்யூ என்ற எழுத்தோடு வரும் தொகையில் உங்கள் சம்பளப் பிடித்தமும் நிறுவனப் பங்கும் சேர்ந்தே இருக்கும். அதை மறுபடியும் கழிவாகக் காட்டாதீர்கள்.

நாடு திரும்புவோர், புறப்படும் முன் எச்.எஸ்.ஏ. நிறுவனம் வெளிநாட்டு முகவரியை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்காவிட்டால் ஏற்கும் நிறுவனத்துக்குக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஊரில் உங்கள் குடும்பத்துக்கு நடக்கும் சிகிச்சைக்கு அதிலிருந்து எடுக்கலாம். ஆனால் கணக்கின் வருவாயை இந்திய வரித்துறை எப்படிப் பார்க்கும் என்பதை, அங்கே வரிக்குரிய குடியிருப்பாளராக மாறும் முன் ஒரு பட்டயக் கணக்கரிடம் கேட்டுவிடுங்கள். பணம் எடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும், நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், அமெரிக்க வரிப் படிவத்தோடு 8889ஐ இணைத்து அனுப்ப வேண்டும்.