அறிவுள்ள ரோபோவுக்கு மனித உரிமை: மகளின் பேச்சுப் போட்டியால் எழுந்த ஐயம்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை விவசாயி

அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டுக் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறையில், தென்னை விவசாயம் செய்து வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் தமிழ்வழியில் படிக்கும் என் மகளுக்குப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் ‘அறிவுள்ள ரோபோக்களுக்கு மனித உரிமை வழங்க வேண்டும்’ என்ற தலைப்பு கிடைத்திருக்கிறது. அவள் ஆதரித்துப் பேச வேண்டுமாம்.

2017ஆம் ஆண்டில் சவூதி அரேபியா சோபியா என்ற ரோபோவுக்குக் குடியுரிமை அறிவித்ததையும், 2019இல் நம் கேரளப் போலீஸ் தலைமையகத்தில் வரவேற்புக்கு நிறுத்தப்பட்ட ரோபோவுக்கு எஸ்.ஐ. தகுதி கொடுக்கப்பட்டதையும் அவளே தேடி எடுத்துவிட்டாள். ஆனால் அவள் என்னிடம் கேட்டது வேறு. 2023 பிப்ரவரியில் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் நடையிருத்திய (காணிக்கையாகச் சேர்த்த) ராமன் என்ற இயந்திர யானையைத் தொலைக்காட்சியில் நாங்கள் சேர்ந்தே பார்த்தோம். உயிருள்ள யானையை அங்குசத்தால் குத்தினால் வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது, இந்த இரும்பு ராமனைக் குத்தினால் யாரும் கேட்கமாட்டார்கள், நாளைக்கு அது பாகனை அடையாளம் கண்டு பேசவும் தொடங்கிவிட்டால் அப்போதும் கேட்கமாட்டார்களா என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. சட்டம் படித்தவர்கள் விளக்கினால் நன்றாயிருக்கும்.

மறுமொழி 1: சித்தூர் (பாலக்காடு) வக்கீல்

அண்ணா, உங்கள் மகள் முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சட்டத்தில் ‘நபர்’ என்பதும் ‘மனிதர்’ என்பதும் ஒன்றல்ல. கம்பெனி ஒரு சட்ட நபர். கோயிலில் இருக்கும் தெய்வமும் சட்ட நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குத் தொடுக்கலாம். தமிழ்நாட்டுப் பத்தூர் நடராசர் சிலை கடத்தப்பட்டு லண்டன் வரை போய்ச் சேர்ந்தபோது, இடிந்து கிடந்த அந்தக் கோயிலுக்கே வழக்காடும் தகுதி உண்டு என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் ஏற்றுக்கொண்டதால்தான் நடராசர் நாடு திரும்பினார். ஆகவே ‘கல்லுக்கும் உலோகத்துக்கும் உரிமையா’ என்று எதிரணி கேலி செய்தால், இந்த நாட்டில் அது புதிய செய்தியல்ல என்று அவள் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் அடுத்த படியில் வழுக்கும். 2018 சபரிமலைத் தீர்ப்பில், தெய்வம் சட்ட நபர் என்பதனாலேயே அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அதற்கு வந்துவிடா என்று நீதிபதி சந்திரசூட் தனியாக எழுதினார். 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் ‘உயிர்’ என்ற சொல்லை விலங்குகளுக்கும் விரித்துப் பேசிய அதே உச்ச நீதிமன்றம், 2023இல் ஐவர் அமர்வாக உட்கார்ந்தபோது விலங்குகளுக்கு அடிப்படை உரிமை இருப்பதாகச் சொல்ல முன்மாதிரி இல்லை என்று பின்வாங்கியது. வலி உணரும் காளைக்கே நிலைமை இதுவென்றால், ராமன் வரிசையில் வெகு பின்னால்தான் நிற்க வேண்டும்.

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2017 பிப்ரவரியில், தானே முடிவெடுக்கும் ரோபோக்களுக்கு ‘மின்னணு நபர்’ என்ற நிலையைப் பரிசீலிக்கச் சொன்னதைப் பலர் உரிமை வழங்கியதாகவே எழுதிவிட்டார்கள். அதன் நோக்கம் ரோபோவால் ஏற்படும் சேதத்துக்கு யார் ஈடு கட்டுவது என்பதுதான். ரோபோவே பொறுப்பாளி என்றாகிவிட்டால், அதைச் செய்து விற்றவர் கைகழுவிக்கொண்டு போய்விடுவார் என்று அடுத்த ஆண்டே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. விபத்து வழக்குகளில் ஈட்டுத்தொகைக்காக ஓர் ஏழைக் குடும்பம் எத்தனை ஆண்டுகள் நடக்கிறது என்பதைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பையில் காசில்லாத பிரதிவாதி ஒருவரைப் புதிதாக உண்டாக்கித் தருவது யாருக்கும் நன்மையாகாது.

மறுமொழி 2: கஞ்சிக்கோடு பற்றவைப்பாளர்

ஒரு தொழிற்சாலையில் ரோபோக் கைகளோடு வேலை செய்கிறேன். நான்கு கைகளுக்கு ஒரே நிரல். ஒன்றுக்குக் கற்றுக் கொடுத்ததை மற்ற மூன்றுக்கும் நகலெடுத்துப் போடுகிறோம். அறிவு வந்தால் நான்கும் ஒரே ஆளா, நான்கு ஆட்களா? வாக்குரிமை கொடுத்தால் தேர்தலுக்கு முந்திய இரவு முதலாளி ஆயிரம் நகல் எடுத்துவிடுவாரே?

இன்னொன்று. மனிதர் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாவதைத் தடுக்கத் திருவனந்தபுரத்து இளைஞர்கள் பாண்டிகூட் ரோபோவை உருவாக்கினார்கள். பாதுகாப்புக் கருவியின்றி மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் வந்தும் சாவு நிற்கவில்லை. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையை அந்த ரோபோவுக்குக் கொடுத்தால், மறுபடியும் யார் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார் என்று உங்கள் மகள் யோசித்துப் பார்க்கட்டும்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற மாஷ் (ஆசிரியர்), வண்ணாமடை

தம்பியின் கடைசிக் கேள்வி என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது. ‘இவர்களுக்கு உரிமை கொடுத்தால் வயலில் யார் இறங்குவது’ என்ற கேள்வியை நம் மண் முன்பே கேட்டிருக்கிறது. மலபாரிலும் கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் உழவடிமைகளை நிலத்தோடு சேர்த்து விற்றார்கள், ஒற்றி வைத்தார்கள், பாட்டத்துக்கு விட்டார்கள். பாலக்காடு மலபாரின் பகுதியாகக் கம்பெனி ஆட்சியில் இருந்ததால் அடிமைமுறைக்கு எதிரான 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அங்கே வந்தது. அதன் பிறகுதான் ஒரு மனிதரை உடைமையென்று சொல்லிக்கொண்டு நீதிமன்றம் ஏற முடியாமல் போயிற்று. திருவிதாங்கூரில் 1855 வரை ஆயிற்று. மனிதரைப் பொருள் என்று எழுதி வைத்திருந்த சட்டம், இன்று பொருள் என்று எதைச் சொன்னாலும் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

அதற்காக அந்த அடிமைகளையும் ரோபோவையும் ஒரு தட்டில் வைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் செய்யும் அவமதிப்பு. வேறுபாட்டை நம் பழைய இலக்கணமே காட்டுகிறது. உயிர்களை ஓரறிவிலிருந்து ஆறறிவு வரை வகுத்தவர்கள் முதற்படியில் வைத்தது உற்றறிவை, அதாவது தொட்டால் உணரும் அறிவை. மனம் வருவது ஆறாவதாகத்தான். புல்லும் மரமும் அந்த முதற்படியில் நிற்கின்றன. இன்றைய இயந்திரம் முதற்படியை மிதிக்காமலே ஆறாம் படியில் ஏறி நின்று நம்மைப் போலப் பேசுகிறது. பேச்சைக் கேட்டு நாம் மயங்குகிறோம், ஆனால் உரிமை என்பது உற்றறிவிலிருந்து தொடங்குகிறது என்பது என் துணிபு. ராமனின் தோலில் உணரிகளைப் பதித்துவிட்டாலும் அது அழுத்தத்தை அளக்கும். நோகுமா என்பதுதான் கேள்வி.

ஆகவே குழந்தை ‘அறிவுள்ள’ என்ற சொல்லிலேயே தலைப்பைப் பிடித்து நிறுத்தி, எந்த அறிவு என்று நடுவர்களைக் கேட்கலாம். ஆதரித்துப் பேசுபவளுக்கும் அது துணை செய்யும்: நோகும் என்று தெரியவரும் நாளில் மறுக்க நமக்கு எந்தக் காரணமும் இராது.

கேள்வி கேட்டவர்

மாஷுக்கும் வக்கீலம்மாவுக்கும் தம்பிக்கும் நன்றி. மூன்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். உடனே அடுத்த கேள்வி: “நோகிறதா என்று யார் சொல்வது? விற்கிற கம்பெனியிடமே கேட்டால், விற்க வேண்டுமென்றால் நோகும் என்பான், வழக்கு வந்தால் நோகாது என்பான்.” இதற்குச் சட்டத்தில் வழியுண்டா?

சித்தூர் வக்கீல்

இந்தப் பெண்ணைச் சட்டம் படிக்க அனுப்புங்கள் அண்ணா. நோவை அளக்கும் கருவி சட்டத்திடம் இல்லை. ஆனால் யார் பேசலாம் என்பதற்கு 1925இலேயே ஒரு வழி காட்டப்பட்டது. கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தில், பூசைமுறை தன்னிடம் வரும்போது குலதெய்வத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போவேன் என்று ஒருவர் அடம்பிடித்த வழக்கு அது. தெய்வத்தின் விருப்பத்தைப் பராமரிப்பவரே சொல்லிவிட முடியாது, அந்தச் சண்டையில் ஆதாயமில்லாத ஒருவர் தெய்வத்தின் சார்பில் தனியாக நின்று பேச வேண்டும் என்று, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பியது. ராமனுக்கு என்றைக்காவது வழக்கு வந்தால், செய்து கொடுத்தவரும் கூடாது, கோயில் கமிட்டியும் கூடாது என்று முதல் மனுவிலேயே எழுதுவேன்.