ஜோசப் ஊரில் சிலைகளைத் தட்டிப் பார்த்தேன்

போன செப்டம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிற ஜோசப் என்ற ஊருக்குப் போயிருந்தோம். போர்ட்லாந்திலிருந்து காரில் 6 மணி நேரத்துக்குக் குறையாது. சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊர். தெருக்கோடியில் வல்லோவா மலை செங்குத்தாக எழுந்து நிற்கிறது.

பிரதான வீதியின் நடைபாதையில் வரிசையாக வெண்கலச் சிலைகள். டிக்கெட் இல்லை, கம்பி வேலி இல்லை. குதிரைக்காரன், கழுகு, பழங்குடித் தலைவர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தோம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், உலோகச் சிலையைக் கண்டால் விரலால் தட்டிப் பார்ப்பேன். "விடுங்க, யாராவது பார்க்கப் போறாங்க" என்று மனைவி முறைத்தாள்.

பார்த்தது ஒரு சிலைக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்த பெரியவர். வெயிலும் பனியும் தாங்க இப்படிப் பூசுவார்களாம். "உள்ளே வெற்றிடம்தான்" என்று சிரித்தார். ரப்பர் அச்சில் மெழுகை மெல்லிய ஓடாக எடுத்து, பீங்கான் பூச்சு கொடுத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு வெண்கலம் ஊற்றுகிறார்கள். ஒரே அச்சில் பல பிரதிகள் எடுத்து எண் போட்டு விற்கலாம்.

என் ஊர் சுவாமிமலைக்குப் பக்கம். சின்ன வயதில் பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவன், சும்மா இருப்பேனா? மெழுகைக் கையாலேயே உருவாக்கி, காவிரி வண்டல் பூசி, கெட்டியாக வார்ப்பதைச் சொன்னேன். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்றதும் அவர் கை நின்றது. "அப்போ இரண்டாவது பிரதி?" கிடையாது, மறுபடி மெழுகிலிருந்துதான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே துணியை எடுத்தார்.

முன்பு மரமும் மாடும்தான் இந்த ஊருக்குச் சோறு போட்டவை. 1982-இல் 'வேல்லி ப்ரான்ஸ்' (Valley Bronze) என்ற வெண்கல வார்ப்புக்கூடம் வந்தது, சிற்பிகளும் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் ஊரின் பெயர்தான் என்னை உறுத்தியது. நெஸ் பெர்ஸ் என்ற பழங்குடி மக்களின் தலைவர் ஜோசப் 1877-இல் தன் மக்களோடு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து விரட்டப்பட்டவர். 1904-இல் வாஷிங்டன் மாநிலத்தில் இறக்கும்வரை திரும்பிவந்து குடியேற விடவில்லை. துரத்திவிட்டு ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்! அதே வீதியில், அந்த இனத்தைச் சேர்ந்த சிற்பி டக் ஹைட் செய்த ஒரு பெண் சிலை இருக்கிறது. அதன் நெஸ் பெர்ஸ் பெயருக்கு, கடினமான பயணத்திலிருந்து திரும்பி வருகிறேன் என்று பொருள். அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். அதைத் தட்டத் தோன்றவில்லை.

அப்புறம் பக்கத்திலிருக்கும் வல்லோவா ஏரிக்கரைக்குப் போனோம், ஜோசப்பின் தந்தையின் கல்லறை அங்கே இருக்கிறது. போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் இறங்கியதும் குளிர் எலும்பைத் தொடுகிறது.