டெஸ்ட் பேப்பரில் மார்க் போடாமல் குறிப்பு மட்டும் எழுதலாமா?

பயிற்சியில்_இருக்கிறேன்:
பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம். 16 வாரப் பள்ளிப் பயிற்சியில் இருக்கிறேன். ஆறாம் வகுப்புக்குப் பின்னங்களில் பத்து மார்க் டெஸ்ட் வைத்தேன். 34 பேரில் 11 பேர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தார்கள். தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி என்று நேரடியாகக் கூட்டிவிட்டார்கள். யாருக்கும் மார்க் போடவில்லை. "அரை தோசையோடு இன்னும் கொஞ்சம் வைத்தால் அரையைவிடக் குறையுமா? 2/5 பெரிதா, 1/2 பெரிதா?" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். கைடு டீச்சர் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மார்க் எங்கேம்மா?" என்றார். நான் செய்தது தப்பா?

கரும்பலகை:
தப்புதான் தங்கச்சி. கோபம் வேண்டாம், 22 வருஷமாக வகுப்பில் நிற்கிறேன். முப்பருவ முறை 2012-13இல் வந்தபோதே பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று பிரித்துத்தான் கொடுத்தார்கள். அந்தக் குட்டி டெஸ்டுக்கும் மார்க் பதிய வேண்டும். அதை விடுங்கள், பி.எட்.டுக்காக நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டிய டெஸ்ட் ரெக்கார்டுக்கு என்ன செய்வீர்கள்? மார்க்கை வைத்துப் போடும் சராசரி, திட்ட விலக்கம், ஓஜிவ் என்கிற குவிவு நிகழ்வெண் வளைவு எல்லாம் வேண்டுமே. தோசையை வைத்தா ஓஜிவ் வரைவீர்கள்?

சாக்பீஸ்_தூள்:
சார், அந்த 40ஐ நாம் என்ன பாடு படுத்தினோம் என்பதையும் சொல்லுங்கள். கடையில் வாங்கிய சார்ட்டுக்கு 10, அப்பா செய்த தெர்மாகோல் எரிமலைக்கு 10. எங்கள் பள்ளியில் 36க்குக் கீழே யாருமே இல்லை. அது மதிப்பீடா, மொய்ப் பணமா?

1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் என்ற அறிஞர் வளரறி, தொகுத்தறி இரண்டையும் பிரித்துப் பெயர் வைத்தபோது பேசியது பாடத்திட்டத்தைப் பற்றி: உருவாகும்போதே பார்த்துத் திருத்துவது ஒன்று, முடிந்தபின் தேறுமா என்று பார்ப்பது இன்னொன்று. நாம் இரண்டையும் கூட்டி நூறாக்கிவிட்டோம். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வையும் பாருங்கள். இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு பிரிவுக்கு மார்க் மட்டும், இன்னொன்றுக்கு இரண்டும். முன்னேறியது குறிப்பு மட்டும் வாங்கிய பிரிவுதான். மார்க்கோடு குறிப்பும் வாங்கியவர்கள், மார்க் மட்டும் வாங்கியவர்களைப் போலவே நின்றார்கள். மார்க்கைப் பார்த்த கண் அதற்குப் பிறகு குறிப்பைப் படிப்பதில்லை.

கரும்பலகை:
இஸ்ரேலில் ஆசிரியருக்கு ஐந்து வகுப்பு, 190 நோட்டு, நடுவில் மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு எல்லாம் இருந்ததா?

ஆறாவது_பையனின்_அம்மா:
ஆசிரியர் இல்லை, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் எட்டாவதோடு நின்றவள். 4/10 என்று இருந்தால் பிள்ளை கஷ்டப்படுகிறான் என்று எனக்குப் புரியும். "பகுதி ஒன்றாக்கிக் கூட்டு" என்று எழுதினால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

சாக்பீஸ்_தூள்:
இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை அக்கா. பருவத்தேர்வில் மார்க் இருக்கட்டும், மறுக்கவில்லை. நடுவில் வரும் டெஸ்டில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "தப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தாயா?"

பயிற்சியில்_இருக்கிறேன்:
ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பேப்பரைக் கொடுத்ததும் பாதிப் பேர் திருப்பித் திருப்பி மார்க்கைத் தேடினார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் டிக்குகளை எண்ணி, மூலையில் பென்சிலால் 6/10 என்று தானே போட்டு வட்டமும் போட்டுக்கொண்டான்.

கரும்பலகை:
பார்த்தீர்களா! நீங்கள் விட்டாலும் அவன் விடமாட்டான்.

சரி, வேலை மிச்சமாக ஒரு வழி சொல்கிறேன், நான் மாதாந்தர டெஸ்டில் செய்வது. பெரும்பாலும் மூன்று விதத் தப்புக்குள் வகுப்பே அடங்கிவிடும். போர்டில் 1, 2, 3 என்று குறிப்பை எழுதுங்கள், பேப்பரில் எண்ணை மட்டும் போடுங்கள். அவனவன் பார்த்துத் திருத்தட்டும். மார்க்கைத் தனித்தாளில் உங்களுக்காகக் குறித்துக்கொள்ளுங்கள், ரெக்கார்டும் பிழைக்கும்.

சாக்பீஸ்_தூள்:
அப்படியென்றால் நீங்களும் பேப்பரில் மார்க் போடுவதில்லை!

கரும்பலகை:
மாதாந்தர டெஸ்டில் மட்டும் என்றேன்.

பயிற்சியில்_இருக்கிறேன்:
இன்று செய்து பார்த்தேன் சார். பின்னத்தில் தப்புச் செய்த 11 பேரில் 7 பேர் பகுதியை 6 ஆக்கி, 5/6 கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் வகுப்பில் ஒரே சண்டை. "எனக்கு 3, உனக்கு 1தான்" என்று ஒருத்தி பெருமையடித்துக்கொண்டிருந்தாள். 3 என்பது மூன்றாவது வகைத் தப்பு என்று சொன்னதும் அழுதுவிட்டாள். நாளை எண்ணுக்குப் பதில் பூப் பெயர் போடலாமா?

சாக்பீஸ்_தூள்:
பூ மட்டும் வேண்டாம். தொடக்கப் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துவைத்ததிலிருந்து என் இரண்டாம் வகுப்பு மகளுக்கே யார் மேலே, யார் கீழே என்று தெரியும். காய்கறி போட்டுப் பாருங்கள்.