டீம் அவுட்டிங்: கொடைக்கானலா, ஏலகிரியா, போகவே வேண்டாமா?

ஓஎம்ஆர் வாசி:
எங்கள் டீமில் 42 பேர், அலுவலகம் சோழிங்கநல்லூரில். மார்ச்சில் எல்லோரும் இரண்டு நாள் வெளியூர் போய்வர பட்ஜெட் கொடுத்திருக்கிறார்கள். ஏற்பாடு என் பொறுப்பு. வெள்ளி இரவு பெரிய ஏசி பஸ்ஸில் கிளம்பி சனி காலை கொடைக்கானல். பகலில் சின்னதாக ஒரு ட்ரெக்கிங், இரவு கேம்ப் ஃபயர், டிஜே. ஞாயிறு மதியம் கிளம்பினால் திங்கள் காலை வேலைக்கு வந்துவிடலாம். கொரோனாவுக்குப் பிறகு பாதிப் பேர் வீட்டிலிருந்துதான் வேலை. ஒரே ப்ராஜெக்டில் இருந்தும் நேரில் பார்த்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒரு நல்ல இடத்தில் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும் என்று ஆசை. ரிசார்ட்டுக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் கருத்துச் சொல்லுங்கள்.

மலைப்பாதை:
மார்ச் மாதம் மலையில் ட்ரெக்கிங், இரவில் நெருப்பு. இதைப் படித்ததுமே தேனி மாவட்டத்துக் குரங்கணிதான் நினைவுக்கு வந்தது. 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்துகொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் சென்னையில் ஐடி வேலை பார்த்த இளம்பெண்களும் உண்டு. அந்த மாதத்தில் புல் இடுப்புயரத்துக்கு வளர்ந்து காய்ந்து நிற்கும். காற்று மேல்நோக்கி அடித்தால் தீயை முந்தி ஓட மனிதனால் முடியாது.

இப்போது வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை நடத்துகிறது, 2024 அக்டோபரிலிருந்து. ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் மலைவாழ் மக்களே வழிகாட்டியாக வருகிறார்கள். அதையும் 2025இல் பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை தீப்பருவம் என்று நிறுத்தி வைத்தார்கள். வனத்துறையே நிறுத்தும் மாதத்தில் ரிசார்ட்காரர் 'நாங்க கூட்டிட்டுப் போறோம் சார்' என்று சொன்னால், அவர் எந்த அனுமதியோடு கூட்டிப்போகிறார் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஓஎம்ஆர் வாசி:
ட்ரெக்கிங் வேண்டாம், சரி, எடுத்துவிட்டேன். ஆனால் கேம்ப் ஃபயர் ரிசார்ட் வளாகத்துக்குள், சிமென்ட் தரையில். அதையும் வேண்டாம் என்றால் எப்படி? இரவில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவதற்குத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்?

கணக்குப்பிள்ளை:
நான் நேராகவே கேட்கிறேன். எதற்கு இந்தப் பயணம்? 42 பேருக்கு பஸ், அறை, மூன்று வேளைச் சாப்பாடு, டிஜே என்று ஆகும் பணத்தை ஆளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்து, ஒரு வெள்ளிக்கிழமை லீவும் விடுங்கள். அவரவர் குடும்பத்தோடு போகட்டும். வருடம் முழுக்க டெட்லைன் என்று துரத்திவிட்டு, இரண்டு நாள் கயிறு இழுக்க வைத்தால் ஒற்றுமை வந்துவிடுமா?

தென்றல்:
கணக்குப்பிள்ளை, பாதிதான் ஒத்துக்கொள்வேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு புதுப் பெண்ணுக்கு, பணமாகக் கொடுத்தால் இ.எம்.ஐ.யில் போய்விடும். யாரிடம் சந்தேகம் கேட்கலாம், யார் எரிந்து விழமாட்டார்கள் என்பது நேரில் பழகினால்தான் அவளுக்குத் தெரியும். அதற்காகப் போகலாம்.

என் சண்டை சனி, ஞாயிறோடுதான். வாரம் முழுக்க உழைத்துவிட்டு, துணி துவைக்க, பிள்ளையோடு இருக்கக் கிடைக்கும் இரண்டு நாளையும் கம்பெனி எடுத்துக்கொண்டு, திங்கள் காலை லாகின் செய்யச் சொன்னால் அது கொடுப்பது இல்லை, பறிப்பது. வியாழன், வெள்ளி போங்கள். பஸ் புக் செய்வதற்கு முன் 42 பேரிடமும் கேளுங்கள், பெயர் தெரியாதபடி. மேனேஜர் இருக்கும் க்ரூப்பில் 'யாருக்காவது பிரச்சினை இருக்கா?' என்று கேட்டால் கட்டைவிரல்தான் வரும்.

இன்னொன்று. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தமாகப் போகும் இடத்தையும், கம்பெனி ஏற்பாடு செய்யும் வண்டியையும் பணியிடமாகத்தான் பார்க்கிறது. ஆக ரிசார்ட்டும் அலுவலகம், இரவு பஸ்ஸும் அலுவலகம். குடித்துவிட்டு நடந்தது என்று யாரும் தப்பிக்க முடியாது. கிளம்புவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். பெண்கள் தங்கும் பகுதி எது, இரவு இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் டிஜேவுக்கு முன்பே முடிவாக வேண்டியவை.

மலைப்பாதை:
டிஜே பற்றி யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுக்க உள்ள விதி. காட்டோரத்தில் அந்த 10 மணிகூட அதிகம். இரவில்தான் விலங்குகள் தண்ணீருக்கு நடக்கின்றன. 2021 ஜனவரியில் நீலகிரி மாவட்டத்து மசினகுடியில், ரிசார்ட் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் டயரைத் தூக்கி எறிந்தார்கள். காதில் டயர் சிக்கி எரிய எரிய ஓடியது, பிறகு செத்துப்போனது. அதற்குச் சில மாதம் முன்புதான் அதே பகுதியில் உள்ள சீகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் உறுதி செய்து, அங்கிருந்த ரிசார்ட்டுகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 'நேச்சர் வியூ' என்று விளம்பரம் செய்யும் இடம் எதன் வழியில் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் கம்பெனிகள் அட்வான்ஸ் கட்டுவதால்தான் அவை ஓடுகின்றன.

கொடைக்கானலுக்கு வண்டியில் போக 2024 மே முதல் இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் போட்டது, வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000. பன்னிரண்டு மீட்டருக்கு மேல் நீளமான பஸ்களுக்கு மலைச்சாலையில் தடை இருக்கிறது. உங்கள் ஏசி பஸ்ஸின் நீளத்தைக் கேட்டீர்களா?

ஜோலார்பேட்டைக்காரன்:
எங்கள் ஊர்ப் பக்கம் வாங்க. ஏலகிரி சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். 14 கொண்டை ஊசி வளைவுதான், வாந்தி எடுப்பவர்களும் தாங்கிவிடுவார்கள். பஸ்ஸே வேண்டாம், பெங்களூர் போகும் காலை ரயிலில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கினால் மேலே ஏற வேன் கிடைக்கும். சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால் ஆம்பூர் பிரியாணியை கத்திரிக்காய்த் தொக்கோடு கீழேயே முடித்துக்கொண்டு ஏறலாம்.

மலைப்பாதை சொல்வதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூட்டம் வரவே கூடாது என்கிற மாதிரி இருக்கிறது அவர் பேச்சு. எங்கள் பக்கம் வேன் ஓட்டுகிறவர், பலாப்பழம் விற்கிறவர், சமையலுக்கு ஆள் போகிறவர் எல்லோருக்கும் இந்த வருமானம்தான். வார நாளில் 42 பேர் வந்தால் அவர்களுக்கு அது பெரிய விஷயம்.

மலைப்பாதை:
வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ரிசார்ட் வாசலுக்குள் போய் அதே வாசலில் திரும்பினால் உங்கள் ஊர்க்காரர் கைக்கு எவ்வளவு வருகிறது? சாப்பாட்டில் ஒரு வேளையாவது வெளியே இருக்கட்டும். ஜவ்வாது மலைச் சாமை கிடைத்தால் அதைப் பொங்கச் சொல்லிச் சாப்பிடுங்கள். அப்படியென்றால் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

ஓஎம்ஆர் வாசி:
ஏலகிரி எல்லோரும் பார்த்த ஊர் ஆயிற்றே என்றுதான் ஒதுக்கினேன். படகு, பூங்கா, முடிந்தது. அங்கே இரண்டு நாள் என்ன செய்வது?

ஜோலார்பேட்டைக்காரன்:
காவலூர் வானாய்வகம், பக்கத்து ஜவ்வாது மலையில். வானியலாளர் வைணு பாப்பு பெயரில் இருக்கிற 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான், 1986இல் திறந்தது. சனிக்கிழமை மாலையில் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மார்ச்சில் மேகம் குறைவு. பகலில் மரத்தடியில் உட்கார்ந்து பேசுங்கள், இரவில் வானத்தைப் பாருங்கள். கேம்ப் ஃபயர் எதற்கு?

தென்றல்:
சனிக்கிழமையா? நான் வியாழன், வெள்ளி கேட்டேன்.

ஓஎம்ஆர் வாசி:
வெள்ளி காலை கிளம்பி சனி இரவு திரும்பினால்? ஒரு நாள் கம்பெனியுடையது, ஒரு நாள் நம்முடையது. திங்கள் காலை லாகினை மதியத்துக்கு மாற்ற மேலிடத்தில் கேட்கிறேன்.

தென்றல்:
காவலூரில் நட்சத்திரம் பார்த்துவிட்டு சனி இரவே எப்படித் திரும்புவீர்கள்? வீட்டுக்கு வர விடிந்துவிடும். ஞாயிறும் போயிற்று. வேண்டுமானால் திங்கள் முழு லீவு வாங்குங்கள், நானே எல்லோரையும் கூட்டி வருகிறேன். கைக்குழந்தை இருப்பவர்கள் குழந்தையோடு வரலாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வராதவர்களுக்கு? லீவு போட்டதாகக் கணக்கு எழுதுவீர்களா? என் முந்தைய கம்பெனியில் வராதவர்களை 'டீம் ப்ளேயர் இல்லை' என்று அப்ரைசலில் எழுதினார்கள். அது நடக்காது என்று மெயிலில் வந்தால் மட்டும் என் எதிர்ப்பை வாபஸ் வாங்குகிறேன்.

ஓஎம்ஆர் வாசி:
மெயில் போட வைக்கிறேன். வராதவர்களுக்கு அந்த வெள்ளி வழக்கமான வேலை நாள், வேறு எந்தக் கணக்கும் இல்லை. திங்கள் லீவு கிடைத்தால் காவலூர், கிடைக்காவிட்டால் வியாழன், வெள்ளி ஏலகிரி மட்டும். டிஜே எடுத்தாயிற்று. கேம்ப் ஃபயரில் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை, சிமென்ட் தரை, பக்கத்தில் தண்ணீர், ஒரு ஆள் காவல் என்றால் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மலைப்பாதை:
விறகு எங்கிருந்து வருகிறது என்று ரிசார்ட்டில் கேளுங்கள். பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள், அதற்குப் பிறகு பேசலாம்.