அவலாஞ்சியில் டிரவுட் பிடித்தவன், மண்டபம் கடலில் கயாக் இறக்கலாமா?

கோத்தகிரி தூண்டில் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில வேலை. பன்னெண்டு வயசுல அப்பா கையில தூண்டில் கொடுத்தார், அன்னைக்குப் பிடிச்ச ஆசை இன்னும் விடலை. ஆனா நான் பிடிச்சதெல்லாம் மலைத் தண்ணி மீன்தான். மீன்வளத் துறையில சீட்டு வாங்கிட்டு அவலாஞ்சி, எமரால்டு பக்கம் டிரவுட்டுக்குப் போவேன். 1000 சைஸ் சின்ன ரீல், சின்ன ஸ்பின்னர் (சுழல்ற தகட்டுத் தூண்டில்), விரல் மரத்துப் போற குளிர். அது எனக்குப் பழக்கம். கடல் பழக்கமே இல்லை.

போன தையில தங்கச்சியை மண்டபத்துல கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டுக்கு வடகடல் கூப்பிடு தூரம். எங்களுக்கு அந்த ஊர் புதுசும் இல்லை. 1964 ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்கள்லேர்ந்து வந்த குடும்பம் எங்களது. தாத்தா 1974ல தலைமன்னார்ல கப்பலேறி ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல இருந்துட்டு அப்புறம்தான் மலைக்கு வந்தார். அதுக்கப்புறம் எங்க வீட்ல யாரும் அந்தக் கடலைத் திரும்பிப் பார்க்கலை. அங்க ஒரு நாள் உட்கார்ந்து தூண்டில் போடணும்னு மனசுல ரொம்ப நாளா இருக்கு.

கோயம்புத்தூர்ல ஒருத்தர்கிட்ட பத்தடி கயாக் (துடுப்பு போட்டு ஓட்டற ஒல்லிப் படகு) ஒண்ணு பழசா வாங்கியிருக்கேன், மேல உட்கார்ற மாடல். எஸ்டேட் குளத்துல கேட்டு அனுமதி வாங்கி ரெண்டு மாசமா துடுப்பு பழகறேன். ஆனி மாசம் பத்து நாள் லீவு கிடைக்கும். போன வைகாசியில தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப காலையில வடகடலைப் பார்த்தேன், தாம்பாளத்துல தண்ணி ஊத்தி வச்ச மாதிரி கிடந்தது. எமரால்டுல கூட அவ்வளவு அமைதியா நான் பார்த்ததில்லை. ஆனியில இறங்கலாமா? என்னென்ன வாங்கணும்? யாரைக் கேட்கணும்?

வடகடல் வாசி எழுதியது:

தம்பி வாங்க. நான் பிறந்து வளர்ந்தது மண்டபம். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீங்க பார்த்த அந்தத் தட்டைத் தண்ணிதான் வெளியூர் ஆளை ஏமாத்தறது.

மண்டபத்துக்கு ரெண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் வடகடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வைகாசியிலேர்ந்து ஆவணி வரைக்கும் காத்து தென்மேற்கு. அந்த மாசங்கள்ல தென்கடல் எகிறும், வடகடல் படுத்துக் கிடக்கும். ஏன் படுத்துக் கிடக்கு? காத்து ஊருக்குள்ள நுழைஞ்சு கரையைத் தாண்டிக் கடலுக்குப் போகுது. கரையோரத்துல அலை எழும்ப அதுக்கு இடமில்லை. நீங்க முதுகுல காத்தை வாங்கிட்டு சுகமா உள்ள போவீங்க, நம்ம துடுப்பு இவ்வளவு நல்லா ஓடுதேன்னு தோணும். முக்கா மைல் போனதும் அலை தலை தூக்கும். திரும்பினா அதே காத்து மூஞ்சியில அடிக்கும். போகும்போது கால் மணி, வரும்போது வரவே முடியாது.

ஏரியில காத்து தள்ளினா மறுகரையில ஒதுங்கி, கயாக்கைத் தோள்ல போட்டு நடந்து வந்துடலாம். இங்க அந்த மறுகரை கிடையாது. தென்மேற்குக் காத்து தள்ற திசையில சர்வதேச எல்லைக்கோடுதான் இருக்கு. அந்தப் பக்கம் போய் மாட்டின எங்க ஆளுங்க கதை உங்களுக்குத் தெரியும்.

கரையில நின்னு ஒரு பிடி காய்ஞ்ச மணலை அள்ளி இடுப்பு உயரத்துல விடுங்க. மணல் கடலைப் பார்த்துப் பறந்தா அன்னைக்குக் கயாக் கரையிலயே இருக்கட்டும். ஐப்பசியிலேர்ந்து வாடைக்காத்து. அப்போ வடகடல் எகிறும், தென்கடல் படுக்கும், அங்கயும் இதே ஏமாத்துதான். மாசி, பங்குனியில ரெண்டு பக்கமும் ஓரளவு அடங்கியிருக்கும். புது ஆளுக்கு அதுதான் காலம். ஆனி வேண்டாம் தம்பி. லீவை மாத்தப் பாருங்க.

இன்னும் ரெண்டு விஷயம். பாம்பன் பாலத்துப் பக்கம் போகவே போகாதீங்க, கால்வாய்ல இழுவை பொல்லாதது. தென்கடல்ல இருக்கற 21 தீவும் கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம இறங்கினா வழக்கு. கடல் அட்டை வலையில வந்தாலும் கையில எடுத்தாலும் குத்தம்தான், பார்த்தா விட்டுட்டு வந்துடுங்க.

குன்னூர் டு கடல் எழுதியது:

நானும் மலைக்காரன்தான். குன்னூர்ல பிறந்து இப்போ ராமநாதபுரத்துல வேலை பார்க்கறேன். காத்தைப் பத்தி அண்ணன் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லை. நான் கவிழ்ந்த கதையைச் சொல்றேன், உங்களுக்கு உதவும்.

நாலு வருஷம் முன்னாடி பங்குனி மாசம், நல்ல கடல். கரையிலேர்ந்து அரை மைல் இருக்கும். ஒரு பாறை மீன் கடிச்சது, கயாக்கைச் சுத்தி இழுத்தது. நான் அது போற பக்கம் சாய்ஞ்சேன், அடுத்த நொடி தண்ணியில இருந்தேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், நீச்சலும் தெரியும். ஆனா திரும்ப ஏற முடியலை. விளிம்பைப் பிடிச்சு மேல எம்பினா கால் ரெண்டும் கயாக்குக்கு அடியில போயிடும், கயாக் மறுபடி என் மேலயே புரளும். ஏழெட்டுத் தடவை முயற்சி பண்ணி கை ஓய்ஞ்சு போச்சு. நண்டு வலை இழுக்க வந்த நாட்டுப்படகு அண்ணன்மார் பார்த்துத் தூக்கினாங்க. துடுப்பு கயித்துல கட்டலை, அது எங்கயோ போயிடுச்சு. ராடும் போச்சு.

அப்புறம்தான் ஒருத்தர் இடுப்பளவு தண்ணியில நிக்க வச்சு சொல்லிக்கொடுத்தார். எம்பாதீங்க, நீந்துங்க. முதல்ல கயாக்கை நிமிர்த்தணும். நடுவுல குறுக்கே கை விட்டு எதிர் விளிம்பைப் பிடிச்சு உங்க பக்கம் இழுத்தா புரண்டுடும். அப்புறம் சீட்டுக்கு நேரா வந்து விளிம்புல கை வச்சு, உடம்பைத் தண்ணி மட்டத்துல குப்புற மிதக்க விடுங்க. குதிகால் ரெண்டும் பின்னால தண்ணிக்கு மேல தெரியணும். அந்த நிலையில காலை வேகமா உதைச்சு, கயாக்கை வயித்துக்கு அடியில இழுத்துக்கணும். மேல ஏறணும்னு நினைக்காம, கயாக்கை அடியில தள்றதா நினைச்சுக்கோங்க. தொப்புள் நடுவுக்கு வந்ததும் மல்லாக்கத் திரும்பி உட்கார்ந்து, கடைசியா காலை உள்ள எடுங்க. எஸ்டேட் குளத்துல இருபது தடவை கவிழ்ந்து இருபது தடவையும் ஏறுங்க. லைஃப் ஜாக்கெட்டோட, கடல்ல போடப்போற அதே சட்டையோட. அது வராம கடலுக்கு வராதீங்க.

வாங்கறதுன்னா முதல் செலவு நல்ல ஜாக்கெட்டுக்கு. துடுப்புக்குக் கயிறு, கழுத்துல விசில், தண்ணி புகாத பையில ஃபோன். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் போலீஸ் 1093, ரெண்டையும் ஃபோன்ல ஏத்தி, மாப்பிள்ளைகிட்டயும் கொடுங்க. எத்தனை மணிக்குத் திரும்புவேன்னு அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் இறங்கணும். முதல் நாள் ராத்திரி இன்காய்ஸ் (கடல் நிலை சொல்ற மத்திய அரசு மையம்) அறிவிப்பைப் பாருங்க. கள்ளக்கடல், அதாவது தூரத்துக் கடல்லேர்ந்து வர்ற பெரிய அலை, எச்சரிக்கை இருந்தா காத்தே இல்லாட்டியும் போகக்கூடாது.

முத்துநகர் முரல் எழுதியது:

மீனைப் பத்தி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன். பேரிலேயே குழப்பம் வரும். சென்னையில வஞ்சிரம்னு சொல்றதை எங்க தூத்துக்குடியில சீலாம்போம். சென்னைக்காரர் ஷீலான்னா அது எங்களுக்கு ஊளி. ஏதாவது பிடிச்சா பேரை அந்த ஊர் ஆள்கிட்டயே கேட்டுக்கோங்க. கயாக்குல முதல்ல உங்களுக்குக் கிடைக்கறது விளைமீன், முரல், சின்னப் பாறை. இறால், கணவாய்த் துண்டு போதும்.

டிரவுட்டைக் கையில பிடிச்சுப் பழகினவர் நீங்க, இங்க அப்படிப் பிடிக்கக்கூடாது. கெளுத்தி, ஒரா, திருக்கை மூணுக்கும் முள்ளுல விஷம். குத்திட்டா தாங்கற அளவு வெந்நீர்ல அரை மணியிலேர்ந்து ஒன்றரை மணி நேரம் முக்கி வச்சா வலி குறையும், அந்த விஷம் சூட்டுல கெட்டுப்போகும். ஆனா ஆஸ்பத்திரிக்கும் போகணும். பேத்தை மீன் கிடைச்சா தண்ணியில விட்டுடுங்க, சமைச்சாலும் அதோட விஷம் போகாது. இடுக்கி ஒண்ணு கண்டிப்பா வேணும்.

1000 ரீலை மலையிலயே வச்சுட்டு 4000 சைஸ் பெரிய ரீல் ஒண்ணு வாங்குங்க. கரைக்கு வந்ததும் டிராக்கை (ரீலோட பிரேக்) இறுக்கிட்டு நல்ல தண்ணியை மெதுவா ஊத்திக் கழுவணும். பீய்ச்சி அடிச்சா உப்பு உள்ளதான் போகும்.

கோத்தகிரி தூண்டில் எழுதியது:

அண்ணன்மார் மூணு பேருக்கும் நன்றி. ஆனி லீவை விட்டுட்டேன், பங்குனிக்கு எழுதிக் கொடுத்தாச்சு.

நேத்து குளத்துல கவிழ்ந்து பார்த்தேன். குன்னூர் அண்ணா எழுதினதைப் படிக்கலேன்னா நானும் எம்பித்தான் ஏறப் பார்த்திருப்பேன். முதல் நாலு தடவையும் கால் அடியில போயிடுச்சு. அஞ்சாவது தடவை குதிகால் ரெண்டும் மேல வந்தது, உதைச்சேன், கயாக் தானா வயித்துக்கு அடியில வந்துடுச்சு. பதினொரு தடவை ஏறினேன், குளிர் தாங்காம நிறுத்திட்டேன். மிச்சத்தை அடுத்த ஞாயிறு.

ஒரு சந்தேகம். வடகடல்ல முதல் நாள் எவ்வளவு தூரம் போகலாம்?

வடகடல் வாசி எழுதியது:

அங்க கரையோரம் ரொம்ப தூரம் ஆழம் கம்மி. முதல் நாள் துடுப்பைச் செங்குத்தா விட்டா தரை தட்டற தூரத்துக்குள்ளயே இருங்க. செருப்பு வேண்டாம், கால்ல கட்டற ஷூ போடுங்க, சிப்பி கிழிக்கும். நண்டு வலை மிதவை தெரிஞ்சா அம்பது அடி தள்ளி நில்லுங்க, அது ஒரு குடும்பத்தோட அன்னைக்குச் சம்பாத்தியம். விடியக்காலை கரைக்குத் திரும்பற படகுக்காரங்ககிட்ட ஒரு டீ வாங்கிக் கொடுத்து, இன்னைக்குக் காத்து எப்படின்னு கேட்டுட்டு இறங்குங்க. வேண்டாம்னு ஒருத்தர் சொன்னாலும் போதும், அன்னைக்குப் போகாதீங்க. வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு வார்த்தை எழுதுங்க தம்பி, நானும் கரைக்கு வர்றேன்.