தாஷ்கண்ட் படத்தில் சாஸ்திரி எப்போது கையெழுத்துப் போட்டார்?

பழையகடைக்காரன், செவ்வாய்ப்பேட்டை:
ஏற்காட்டு நண்பர் ஒருவர் நேற்றுக் காட்டிய படத்தால் எனக்குத் தூக்கம் போயிற்று. நம் பிரதமர் சாஸ்திரி, பாகிஸ்தான் அதிபர் அயூப் கான், சோவியத் பிரதமர் கோசிகின் மூவரும் இருக்கிறார்கள், கீழே மூன்று கையெழுத்துகள். "தாஷ்கண்ட் உடன்படிக்கையில் ஒப்பமிடும் காட்சி, அந்தப் படத்திலேயே மூவரும் போட்ட அசல் கையெழுத்து" என்று பெருமை வேறு. ஐயா, 1965 இந்திய-பாகிஸ்தான் போருக்குப் பின் தாஷ்கண்ட் நகரில் செய்த அந்த உடன்படிக்கை 1966 ஜனவரி 10 பிற்பகலில். அன்று நள்ளிரவுக்குப் பின் ஒன்றரை மணி வாக்கில் சாஸ்திரி இறந்துவிட்டார். பிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டு, மூவரிடமும் நீட்டியது யார்? எப்போது?

காப்பித்தோட்டம், ஏற்காடு:
அந்த நண்பர் நான்தான். நேராகவே கேட்கலாம். உலகப் பத்திரிகையாளர்கள் கூடிய இடத்தில் ஓர் இருட்டறை இருக்காதா? ஒரு மணி நேரத்தில் பிரிண்ட் கிடைத்துவிடும். மாலையில் கோசிகின் விருந்தும் கொடுத்தார்.

பழையகடைக்காரன்:
விருந்துக்கு ஈரப் பிரிண்டோடு போனார்களா? நன்று.

அஸ்தம்பட்டி வாசகி:
பேச்சுவார்த்தை ஜனவரி 4 அன்றே தொடங்கியது. படம் முதல் நாள் எடுத்தது என்றால் கையெழுத்து வாங்க ஆறு நாள் இருந்ததே?

காப்பித்தோட்டம்:
அம்மா, உதவிக்கு நன்றி, வேண்டாம். சாஸ்திரி கையில் பேனா இருக்கிறது. முதல் நாள் படம் என்று சொல்லி மதிப்பைக் குறைக்காதீர்கள்.

பழையகடைக்காரன்:
பேனா இருந்தால் 10ஆம் தேதி. 10ஆம் தேதி என்றால் இரவு ஒன்றரை. என் வழக்கை நீங்களே வாதாடுகிறீர்கள்! லென்ஸ் வைத்துப் பாருங்கள். கையெழுத்துக் கோடு புள்ளி புள்ளியாக உடைந்தால் அது அச்சு. விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். மை என்றால் தாளின் பளபளப்புக்கு மேலே கோடு தனித்துத் தெரியும். இரண்டும் ஒரே பளபளப்பு என்றால், கையெழுத்தோடு மறுபடி படமெடுத்த நகல். கண்ணாடிக்கு வெளியிலிருந்து இதெல்லாம் தெரியாது, படச்சட்டத்தைப் பிரிக்க வேண்டும்.

காப்பித்தோட்டம்:
பிரிக்க மாட்டேன். மலை ஈரம் உங்களுக்கு என்ன தெரியும்? ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். போன வருடம் என் விக்டோரியா ராணி காலத்து ரூபாயை "வார்ப்பு", அதாவது உருக்கி ஊற்றிய போலி, என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்னர் அதே போன்ற காசை உங்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்தவர்தானே நீங்கள்?

கன்னங்குறிச்சியான்:
சாஸ்திரியின் கையெழுத்து எந்த மொழியில்? 1965 இந்தி எதிர்ப்பில் மாநிலமே கொதித்தது. மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் அளகேசனும் பதவி விலகல் கடிதம் நீட்டிய பிறகுதான் அவர் ஆங்கிலம் தொடரும் என்று வானொலியில் வாக்குறுதி தந்தார். மறந்துவிட்டீர்களா?

அஸ்தம்பட்டி வாசகி:
அதற்கும் இந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

கன்னங்குறிச்சியான்:
அவரைப் பிரதமராக்கியதே காமராஜர். சம்பந்தம் இல்லாமல் போகுமா?

பழையகடைக்காரன்:
காமராஜர் விருதுநகர்க்காரர். ஊர்ப் பெருமை வேண்டுமானால் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜியைச் சொல்லுங்கள். அவருக்கும் தாஷ்கண்டுக்கும்கூடச் சம்பந்தமில்லை. நான் எங்கே விட்டேன்? இரவு ஒன்றரை.

காப்பித்தோட்டம்:
மறுநாள் சாஸ்திரியின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்கள் அயூபும் கோசிகினும். அத்தனை மரியாதை வைத்திருந்தவர்கள் நினைவுக்காகப் பிறகு கையெழுத்திட்டிருக்கலாம்.

பழையகடைக்காரன்:
சரி, அவர்கள் பிறகு போட்டார்கள். சாஸ்திரியும் பிறகுதான் போட்டாரா?

காப்பித்தோட்டம்:
கேலி வேண்டாம். விருந்துக்கு முன்பு போட்டார். எத்தனை முறை சொல்வது?

பழையகடைக்காரன்:
எத்தனை முறை சொன்னாலும் பிரிண்ட் காய வேண்டும். ஞாயிறு வருகிறேன், லென்ஸோடு. சட்டத்தைக் கழற்றி வையுங்கள்.

காப்பித்தோட்டம்:
கழற்ற மாட்டேன் என்றேனே.

பழையகடைக்காரன்:
அப்புறம் எதற்காக நான் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும்?

காப்பித்தோட்டம்:
வர வேண்டாம். அந்த விக்டோரியா ரூபாய்க்கு முதலில் பதில் சொல்லுங்கள்.